பாலக்காட்டுச் சித்தூர் ரிப்பேர் கடையும் எங்க வீட்டு சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமும்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். டேப் ரெக்கார்டர், வால்வு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், இல்ல நான் குடுத்த மாதிரி நாப்பது வருஷத்துக்கு முந்தின வீட்டுக் கம்ப்யூட்டர், எதுவா இருந்தாலும் இந்தக் கடைக்குத் தாராளமா எடுத்துட்டுப் போலாமுங்க. வேலை சுத்தம், காசு நியாயம், ஆனா அவசரம்னு மட்டும் சொல்லிராதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஒண்ணு ஏன் கொறைச்சேன்னு பின்னாடி வருது.

எடம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர்னு நெனச்சு யாரும் திருப்பதி பஸ் ஏறிராதீங்க. கொழிஞ்சாம்பாறைக்காரங்களுக்குப் பக்கம், பொள்ளாச்சியில இருந்து வர்றவங்க கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்துடலாம். ஸ்டாண்டுல எறங்கி தெக்கேகிராமம் போற பக்கமா நடந்தா ஒரு பேக்கரிக்கும் ரேஷன் கடைக்கும் நடுவுல ஒரு ஒத்த ரூம். போர்டு வெயில்ல வெளுத்து கடைப் பேரே படிக்க முடியல, கீழ டிவி ரேடியோன்னு மட்டும் தமிழ்லயும் மலையாளத்துலயும் தெரியும். பேரு, நம்பர் எதுவும் எழுத வேண்டாம்னு கடைக்காரச் சேட்டனே சொல்லிட்டாரு, ஏற்கனவே கெடக்கறதை முடிக்கவே ஆயுசு பத்தாதாம்.

இப்ப மிஷின். சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே (அதாவது 48 கிலோபைட் மெமரி), கறுப்பு டப்பா, சாம்பல் கலர் ரப்பர் கீ, வலது மூலையில செவப்பு மஞ்ச பச்ச நீலம்னு சாய்வா நாலு கோடு. மாமா துபாய்ல வேலை பார்த்தப்ப 1985 லீவுக்கு வந்தவரு தூக்கிட்டு வந்தது. கூடவே ஒரு ஜப்பான் கலர் டிவியும் டூ இன் ஒன்னும் வந்துச்சு, அந்த டிவி வராம இருந்திருந்தா இந்தக் கம்ப்யூட்டரை வெச்சு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, ஏன்னா ஸ்பெக்ட்ரம் படத்தை டிவி ஆன்டெனா ஓட்டை வழியா யுஹெச்எஃப் சேனல் 36ல அனுப்பும், அந்தக் காலத்து நம்மூரு டிவில பாதிக்கு மேல விஹெச்எஃப் மட்டும்தான் எடுக்கும். எங்க தெருவுல சாலிடேர் வெச்சிருந்தவங்க வீட்டுல கொண்டுபோய் மாட்டிப் பாத்தா வெறும் புள்ளிதான்.

ரொம்ப வருஷம் பரண்ல கெடந்துச்சு. என் பையன் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததும் இதை எறக்கிப் பாக்கலாம்னு ஆசப்பட்டான், சித்தூருக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு ஊர்ல பெரிய ஏசி ஷோரூம் மாதிரி இருக்கற ஒரு சர்வீஸ் சென்டர்ல குடுத்தோம், பேரு வேண்டாம். பழைய அடாப்டர் போயிடுச்சுன்னு அங்கிருந்த ஆளு கையில கெடைச்ச வைஃபை ரூட்டர் அடாப்டரைச் சொருகிட்டாரு. பின்னு ஒத்துப் போகும், வோல்டேஜும் ஏறத்தாழ ஒத்துப் போகும், ஆனா ஸ்பெக்ட்ரத்துக்கு நடுப்பின்னு மைனஸ், இன்னைக்கு வர்ற ரூட்டர் அடாப்டருக்கு நடுப்பின்னு பிளஸ். சொருகின ஒடனே லேசா ஒரு வாசம் வந்துச்சு, அப்புறம் எதுவும் வரல. "போர்டு டெட் சார், எக்சேஞ்ச்ல லேப்டாப் எடுத்துக்கறீங்களா"ன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிஞ்சுது.

சித்தூர் சேட்டன் அப்படிக் கேக்கல. "நோக்கட்டே தம்பி"ன்னுட்டு மூடியைத் தெறந்தாரு. அஞ்சு ஸ்குரூதான். மேல் மூடியில கீபோர்டு, அதுல இருந்து போர்டுக்கு ரெண்டு பிளாஸ்டிக் வாலு மாதிரி ரிப்பன் போகும், தெறக்கும்போதே அதுல ஒண்ணு பொட்டுன்னு ஒடஞ்சுது, அவரு திரும்பிக்கூட பாக்கல, "அது ஒடயும், எல்லாத்துலயும் ஒடயும், அது போட்டும்"னாரு. உள்ள போர்டு, மேல ஒரு அலுமினியத் தகடு, அவ்வளவுதான் கம்ப்யூட்டர். ஃபேன் இல்ல, டிஸ்க் இல்ல, பவர் சுவிட்ச்சே கெடையாது, ஆஃப் பண்ணணும்னா ஒயரைப் புடுங்கணும். ஒரு சுவிட்ச் வெச்சா எவ்வளவு ஆகியிருக்கும்னு என் பையன் கேட்டான். "அதேதான் விஷயம், அந்த சுவிட்ச்சுக்கு ஆகற காசு"ன்னாரு சேட்டன்.

இந்தக் கடையோட சிறப்பே இதுதாங்க. அவரு கெல்ட்ரான் டிவி, டயனோரா டிவியெல்லாம் கழட்டி மாட்டின ஆளு, ஒரு போர்டைப் பாத்தா எந்த எடத்துல எவன் காசு மிச்சம் புடிச்சான்னு சொல்லிடுவாரு. நான் சின்க்ளேர் கம்பெனியைப் பத்தி கொஞ்சம் படிச்சு வெச்சிருந்தேன், அவரு போர்டைப் படிச்சாரு, ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தா ஒரே கதை. கிளைவ் சின்க்ளேர்ங்கற இங்கிலாந்து மனுஷன் வெலையைக் கொறைக்க எங்கெல்லாம் கை வெச்சாரோ அங்கெல்லாந்தான் இன்னைக்கு ரிப்பேர் வருது, ஆனா அப்படிக் கை வெக்கலேன்னா எங்க மாமா மாதிரி ஆளுங்க வீட்டுக்கு அந்தக் காலத்துல கம்ப்யூட்டரே வந்திருக்காது.

மனுஷன் 1940ல பொறந்தவரு, காலேஜ் போகல, 1961ல சின்க்ளேர் ரேடியானிக்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாரு, தபால்ல ரேடியோ கிட்டும் ஆம்ப்ளிஃபயர் கிட்டும் விக்கறதுதான் தொழில். அப்பவே அவரு வேலை எப்படின்னா, பிளெஸ்ஸி கம்பெனி தேறாதுன்னு கழிச்ச டிரான்சிஸ்டரை வாங்கி, டெஸ்ட் பண்ணி, ரகம் பிரிச்சு, தன்னோட பேர்ல வித்தாரு. 1972ல எக்சிக்யூட்டிவ்னு ஒரு பாக்கெட் கால்குலேட்டர், அது செம ஹிட்டு. 1975ல பிளாக் வாட்ச்னு ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரம், அது செம ஃபெயிலு, நைலான் சட்டையில இருந்து வர்ற ஸ்டாட்டிக் கரண்டுக்கே சிப்பு போயிடும், பேட்டரி பத்து நாள் தாங்கினாப் பெருசு. கம்பெனி தள்ளாடி கவர்மெண்ட் காசு போட வேண்டியதாச்சு, 1979ல இவரு வெளிய வந்துட்டாரு.

வெளிய வர்றதுக்கு முன்னாடியே பக்கத்துல இன்னொரு சின்ன கம்பெனி ஓட்டிட்டிருந்தாங்க, சயின்ஸ் ஆஃப் கேம்ப்ரிட்ஜ்னு, கூட இருந்தவரு கிறிஸ் கர்ரி. 1978ல எம்கே14ன்னு ஒரு கிட்டு, 39.95 பவுண்டு, மூடிகூட இல்லாத வெறும் போர்டு. அது ஓடின ஓட்டத்தைப் பாத்து கர்ரி தனியாப் பிரிஞ்சு போயி ஹெர்மன் ஹவுசர்கூடச் சேந்து ஏகார்ன் ஆரம்பிச்சுட்டாரு. பிபிசி டிவி கம்ப்யூட்டர் பாடம் நடத்தறதுக்கு ஒரு மிஷின் தேடினப்ப ரெண்டு கம்பெனியும் முட்டிக்கிச்சு, ஏகார்ன்தான் ஜெயிச்சுது. (அந்த ஏகார்ன் பண்ணின சிப்புதான் பின்னாடி ஏஆர்எம் ஆச்சு, இதை நீங்க போன்ல படிச்சிட்டிருந்தா உள்ள ஓடறது அதோட வாரிசுதான், இதைச் சொன்னா சேட்டன் நம்பவே இல்ல.)

1980ல இசட்எக்ஸ்80. கிட்டா வாங்கினா 79.95, பூட்டினது 99.95 பவுண்டு. நூறு பவுண்டுக்குள்ள வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்ங்கறதே அப்ப அந்த ஊருக்குப் பெரிய சேதி. 1கே மெமரி, அதாவது இன்னைக்கு வாட்ஸ்ஆப்ல வர்ற குட்மார்னிங் படத்துல ஒரு ஓரத்துக்குக்கூடப் பத்தாது. படம் காட்டறதுக்குன்னு தனி சிப்பு வெச்சாச் செலவுன்னு ப்ராசசர் தலையிலயே அந்த வேலையையும் கட்டிட்டாரு, அதனால கீ தட்டற ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன் ஒரு கணம் அணைஞ்சு வரும். அடுத்த வருஷம் இசட்எக்ஸ்81. முன்னதுல 21 சிப்பு இருந்துச்சுல்ல, அதை நாலே சிப்பா சுருக்கிட்டாங்க, ஃபெர்ராண்டி கம்பெனி பண்ணிக் குடுத்த யூஎல்ஏன்னு ஒரே சிப்பு மிச்ச எல்லா வேலையையும் பாத்துச்சு. கிட்டு 49.95, பூட்டினது 69.95. ஸ்காட்லாந்துல டண்டீன்னு ஊர்ல டைமெக்ஸ் கடிகாரக் கம்பெனி ஃபேக்டரியிலதான் பூட்டினாங்க, புக்கு கடையில சோப்பு மாதிரி அடுக்கி வெச்சு வித்தாங்க, பதினஞ்சு லட்சத்துக்கு மேல போச்சு. அதுக்கு 16கே மெமரி வேணும்னா பின்னாடி ஒரு டப்பாவைச் சொருகணும், அந்த டப்பா லேசா ஆடிச்சுன்னாப் போதும், அதுவரைக்கும் டைப் பண்ணின எல்லாம் போச்சு.

அடுத்ததுதான் எங்க வீட்டு ஆளு. 1982 ஏப்ரல் 23, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 16கே 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு, அப்பத்த நம்ம கணக்குல 48கே ஏறத்தாழ மூவாயிரம் ரூபா, அது அங்க இருக்கற வெலை, இங்க கஸ்டம்ஸ் கட்டி எடுக்கணும்னா அது வேற கதை. ரிச்சர்ட் ஆல்ட்வாசர் போர்டு டிசைன் பண்ணினாரு, ஸ்டீவ் விக்கர்ஸ் அதுல ஓடற பேசிக்ங்கற கம்ப்யூட்டர் மொழியை எழுதினாரு, ரிக் டிக்கின்சன் ஒடம்பு பண்ணினாரு. தபால்ல ஆர்டர் போட்டா 28 நாள்ல அனுப்பிடறோம்னு விளம்பரம், ஜனங்க மாசக்கணக்கா காத்துக் கெடந்தாங்க. மொதல்ல வந்த போர்டுகள்ல யூஎல்ஏல ஒரு தப்பு இருந்துச்சு, சிப்பை மாத்தி அடிச்சு வர நேரமாகும், அதனால ஒரு சின்ன ஐசியைத் தலைகீழா மல்லாத்தி, கால் மேல நீட்டிட்டு இருக்கற மாதிரி கையால சால்டர் வெச்சே வித்துட்டாங்க. அங்கத்த டெக்னீஷியனுங்க அதுக்கு வெச்ச பேரு செத்த கரப்பான். எங்களோடது இஷ்யூ 3, அதாவது மூணாவது பதிப்பு போர்டு, அதுல கரப்பான் இல்ல, சேட்டனுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

இப்ப பவர் பக்கம் வருவோம், இதுதான் நம்ம ரிப்பேரோட முக்கிய கட்டம். அடாப்டர்ல இருந்து வர்றது 9 வோல்ட். அதை 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டாக் கொறைக்குது, மிச்சத்தை எல்லாம் சூடாக் கக்குது, அந்த அலுமினியத் தகடு இருக்கறதே அதுக்குத்தான், அரை மணி நேரம் ஓடினா கீபோர்டோட வலது பக்கம் கை வெச்சா கதகதன்னு இருக்கும். ஆனா உள்ள இருக்கற மொத 16கே மெமரி 4116ங்கற பழைய சிப்பு, எட்டு எண்ணம், அதுக்கு 5 வோல்ட் மட்டும் பத்தாது, 12 வோல்ட்டும் வேணும், மைனஸ் 5 வோல்ட்டும் வேணும். ஒழுங்கான அடாப்டர் குடுத்தா வெலை ஏறுமேன்னு, ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு காயிலையும் போட்டு போர்டுக்குள்ளயே அந்த ரெண்டு வோல்டேஜையும் உண்டு பண்ணிட்டாங்க. அந்த டிரான்சிஸ்டருக்கு போர்டுல பேரு டிஆர்4. உலகத்துல செத்துப்போன ஸ்பெக்ட்ரம்ல நெறைய அந்த டிஆர்4ல போனதுதான். பின்னாடி இருக்கற எக்ஸ்பான்ஷன் எடத்துல கரண்டு ஓடும்போதே எதையாவது சொருகினாப் போகும், அடாப்டரைத் திருப்பிப் போட்டாப் போகும், ஒரு மெமரி சிப்பு ஷார்ட் ஆனா அதோட சேந்து இதுவும் போகும்.

சேட்டன் மல்டிமீட்டரை எடுத்து பழைய ஒரு பவர் சப்ளையை 9 வோல்ட்டுக்கு வெச்சு, கறுப்பை கிரவுண்டுல கிளிப் போட்டுட்டு, செவப்பு முனையை ஒரு 4116ஓட ஒண்ணாம் நம்பர் கால்ல வெச்சாரு. மைனஸ் 5 வரணும், பூஜ்யம். எட்டாம் கால், 12 வரணும், வந்தது 4 சொச்சம். ஒம்பதாம் கால், 5 கரெக்டா வந்துச்சு. "ரெகுலேட்டர் உண்டு, டிஆர்4 போயி. மைனஸ் இல்லாத நேரத்துல பன்னெண்டு உள்ள போனா சிப்பையும் தின்னும், அதையும் நோக்கணும்"னாரு. டிஆர்4க்கு ஒப்பான டிரான்சிஸ்டர் ஒண்ணு போட்டு, காயில் ஒயரு அறுந்திருக்கான்னு பாத்து, பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசு வெச்சாரு. அதுக்கப்புறமும் ஸ்கிரீன்ல நெட்டு நெட்டாக் கோடு. ஒவ்வொரு 4116 மேலயும் வெரல வெச்சுப் பாத்தாரு, ரெண்டு மட்டும் தொட முடியாத சூடு. அந்த ரெண்டுக்கு மட்டும் சாக்கெட் வெச்சு மாத்தினாரு, சிப்பு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுகிட்ட இருந்து வந்துச்சு, புதுசு கெடையாது, வேற ஏதோ மிஷின்ல இருந்து கழட்டினது, அதை மறைக்காம சொல்லிட்டாரு.

மிச்சம் இருக்கற 32கே மெமரியைப் பத்திச் சொல்லாம விட முடியாது, எனக்கு இந்தக் கம்பெனியில ரொம்பப் புடிச்ச சங்கதி அதுதான். அந்த எட்டு சிப்பும் உண்மையில 64 கிலோபிட் சிப்பு, ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணும்போது பாதி ஃபெயில் ஆனது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அதைத் தூக்கிப் போடாம, எந்தப் பாதி வேலை செய்யுதுன்னு பாத்து 4532ன்னு பேரு போட்டு, கடைசியில 3ன்னோ 4ன்னோ ஒரு நம்பர் அடிச்சு சகாயமாக் குடுத்தாங்க. சின்க்ளேர் அதை வாங்கி, எட்டும் ஒரே பாதி நல்லா இருக்கற சிப்பாப் பொறுக்கி வெச்சு, எந்தப் பாதியைப் படிக்கணும்னு போர்டுல ஒரு ஜம்பர் ஒயரு போட்டு மாத்திக்கிட்டாரு. எங்க போர்டுல எட்டுலயும் 3. லென்சு வெச்சுக் காமிச்சாரு சேட்டன். 1960கள்ல பிளெஸ்ஸி கழிச்ச டிரான்சிஸ்டரை ரகம் பிரிச்சு வித்த அதே ஆளு, இருவது வருஷம் கழிச்சு லட்சக்கணக்கான வீட்டுக்குப் பாதி செத்த மெமரி சிப்பை அனுப்பியிருக்காரு, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. இதுல ஏமாத்து எதுவும் கெடையாது, 48கே சொன்னாரு, 48கே குடுத்தாரு. அடி வாங்கின தக்காளியைத் தனியாப் பொறுக்கி கொழம்புக்கு வாங்கற எங்க பாட்டி கணக்கு அது. எங்க சிப்பு எட்டும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது, நல்ல சிப்புன்னு போட்ட 4116தான் போச்சு.

கீபோர்டு பத்தி ரெண்டு வார்த்தை. மேல ரப்பர் ஷீட்டு ஒண்ணே ஒண்ணு, நாப்பது கீயும் அதுலயே வார்த்தது, கீழ மெம்பரேன்ங்கற பிளாஸ்டிக் ஷீட்டு, தனித்தனி ஸ்பிரிங், சுவிட்ச் எதுவும் இல்ல. தட்டினா செத்த சதையைத் தொட்ட மாதிரி இருக்கும்னு அப்பவே அங்க கிண்டல் பண்ணினாங்க. ஒரு கீயில அஞ்சாறு வேலை எழுதியிருக்கும். கடையில வேலை பழகற பையன் ஒருத்தன், பன்னெண்டாவது முடிச்சவன், பீயைத் தட்டினான், ஸ்கிரீன்ல பிரிண்ட்னு முழு வார்த்தையே வந்து நின்னுச்சு, பயந்து கையை எடுத்துட்டான். அது அப்படித்தான், வரியோட தொடக்கத்துல பீ தட்டினா பிரிண்ட், ஜே தட்டினா லோடு, பி-ஃபார்-பால் பி தட்டினா பார்டர். டைப் பண்ணினதை எழுத்தெழுத்தாப் படிச்சு இது என்ன கட்டளைன்னு கண்டுபிடிக்கற புரோகிராமை ரோம்ல (அழியாத மெமரி சிப்புல) வெச்சா எடம் போகும், அது 16கே ரோம், அதனால அந்த வேலையை நம்ம வெரலுக்கே குடுத்துட்டாங்க. பழகினாச் சொகமாத்தான் இருக்கும். பழைய மெம்பரேன் காஞ்சு ஒடஞ்சுட்டதால புதுசு வேணும், வெளிநாட்டுல இப்பவும் புதுசாப் பண்றாங்க, ஆன்லைன்ல நான்தான் வரவழைச்சுக் குடுத்தேன், சேட்டன் அந்த வேலையெல்லாம் பண்ண மாட்டாரு. கீபோர்டு மேல இருக்கற தகடு டபுள் சைடு டேப்புல ஒட்டியிருக்கும், அதை வளைக்காம எடுக்கறதுதான் கஷ்டம், ஹேர் டிரையர்ல சூடு காட்டி கிட்டார் கம்பி மாதிரி ஒரு ஒயரை உள்ள விட்டு அறுத்து எடுத்தாரு. ஒரு மடிப்புகூட விழல. இந்த ஒரு வேலைக்கே நான் காசு குடுப்பேன்.

கடைசியா படம். இன்னைக்கு டிவில யுஹெச்எஃப் சேனல் தேடி உக்கார முடியாது, அதனால படத்தை டிவி சேனலா மாத்தற மாடுலேட்டர் டப்பாவுக்குள்ள ரெண்டு ஒயரைக் கழட்டிட்டு போர்டுல இருந்து வர்ற காம்போசிட் சிக்னலையே நேரா வெளிய விட்டாரு, மஞ்ச கலர் ஆர்சிஏ பின்னு இருக்கற எந்த டிவிலயும் வரும், வேணும்னா திரும்ப பழையபடி மாத்திக்கலாம், எதையும் வெட்டல. சொருகினதும் மொதல்ல கறுப்பு, அப்புறம் வெள்ளை, கீழ 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்னு ஒரு வரி. என் பையன் அதுக்குள்ள பார்டர் 2 அடிச்சு ஓரத்தையெல்லாம் செவப்பாக்கிட்டான். அவனுக்கு அடுத்த சந்தேகம், கேம்ல ஆளு ஒரு மரத்தைத் தாண்டும்போது மரத்தோட கலரு ஆளு மேல ஒட்டிக்குதே, இதுவும் ரிப்பேரான்னு. இல்ல, அதுவும் சிக்கனம்தான். 256க்கு 192 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக் கலரு வெச்சா 16கே மாடல்ல மெமரி முழுக்க படத்துக்கே போயிடும், அதனால எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு ரெண்டே கலரு, மொத்தப் படமும் 6,912 பைட்டுல முடிஞ்சுது. அந்தக் கலர் ஒட்டல்தான் ஸ்பெக்ட்ரம் கேமோட அடையாளமே.

மாமா வாங்கிட்டு வந்த அதே காலத்துல அங்க கம்பெனி கவுந்துட்டிருந்துச்சுங்கறது எங்களுக்கு அப்பத் தெரியாது. சின்க்ளேர் சர் பட்டம் 1983ல வாங்கினாரு. 1984 ஜனவரியில க்யூஎல்னு 399 பவுண்டுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் அறிவிச்சாரு, முடிக்காமயே அறிவிச்சதால ரோம் உள்ள பத்தாம பின்னாடி ஒரு துண்டைத் தொங்க விட்டு அனுப்பினாங்க. டிஸ்க்குக்குப் பதிலா மைக்ரோடிரைவ்னு தீப்பெட்டி சைசுல ஒரு டேப்பு, அது நம்பற மாதிரி இல்ல. 1985 ஜனவரியில சி5ன்னு மூணு சக்கர பேட்டரி வண்டி, மழையும் பனியும் இருக்கற ஊர்ல மூடி இல்லாத வண்டி, அது வேற கம்பெனி பேர்ல வந்தாலும் மனுஷன் பேரைக் கெடுத்துருச்சு. 1986 ஏப்ரல் 7, அம்ஸ்ட்ராட் கம்பெனி ஆலன் சுகர் அம்பது லட்சம் பவுண்டுக்கு கம்ப்யூட்டர் பிசினஸையும் பேரையும் வாங்கிட்டாரு. அவரு பண்ணின மொத வேலை, ஒழுங்கான கீபோர்டும் கூடவே ஒட்டின டேப் ரெக்கார்டரும் வெச்சு பிளஸ் டூன்னு எறக்கினது. 1992 வரைக்கும் ஸ்பெக்ட்ரம் பண்ணினாங்க, எல்லா மாடலும் சேத்து அம்பது லட்சம். சோவியத்துல லைசென்ஸ் கேக்காம பண்ணினது அந்தக் கணக்குல வராது. நம்ம நாட்டுலயும் 80கள் கடைசியில புனேயில டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கம்பெனி லைசென்ஸோட டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்னு கொண்டு வந்தாங்க, யார் வீட்டுப் பரண்லயாவது அது கெடந்தா தயவுசெஞ்சு பழைய இரும்புக்குப் போடாதீங்க, சேட்டன் அதைப் பாக்கணும்னு சொல்லிட்டிருக்காரு.

செலவு: மெம்பரேன் போக 2,400 ரூபா. கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ரெண்டு மெமரி சிப்பு, சாக்கெட், வீடியோ மாத்தினது, எல்லாம் சேத்து. அந்தப் பெரிய சர்வீஸ் சென்டர்ல "செக்கிங் சார்ஜ்"னு வாங்கினதே இதுல ஒரு பங்கு வரும்.

கொறைச்ச ஒரு ஸ்டார் எதுக்குன்னா, டைம். ரெண்டாழ்ச்ச, அதாவது ரெண்டு வாரம்னு சொல்லுவாரு, ரெண்டு மாசம்னு மனசுல வெச்சுக்கோங்க. போன் எடுக்க மாட்டாரு. ரசீது கெடையாது, ஒரு சிகரெட் அட்டை பின்னாடி பேரையும் சாமானையும் எழுதி அதுலயே நூல் கட்டித் தொங்க விடுவாரு. கும்ப மாசத்துல கொங்கன்படைத் திருவிழா வந்தா கடை மூடிடும், கொங்கு ராஜாவை அடிச்சு வெரட்டின திருவிழாவுக்கு லீவு விட்டுட்டு கோயமுத்தூர் பக்கத்து ஆளுங்க சாமானையெல்லாம் உள்ள வெச்சுப் பூட்டறது என்ன நியாயம் சேட்டான்னு கேட்டேன், சிரிச்சுட்டாரு. அப்புறம் மூடி ஸ்குரூ அஞ்சுல ஒண்ணு தொலைஞ்சு போயி வேற கலர்ல ஒண்ணு போட்டுக் குடுத்தாரு, சின்ன விஷயம்தான், ஆனா பாக்கறப்பெல்லாம் கண்ணுல படுது.

ஸ்பெக்ட்ரம் கேம் மட்டும் ஆடினாப் போதும்னு இருக்கறவங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம், 2024ல அதே ரப்பர் கீ உருவத்துல ஹெச்டிஎம்ஐயோட தி ஸ்பெக்ட்ரம்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, உள்ளயே 48 கேம் இருக்கு, சொருகினா ஓடும். பழசை வெச்சிருக்கறவங்களுக்குத்தான் இந்தக் கடை. கொண்டு போறப்ப நீங்களா எந்த அடாப்டரும் சொருகிப் பாக்காதீங்க, அப்படியே துணியில சுத்திக் கொண்டு போங்க, அசல் அடாப்டர் இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, போர்டைத் தெறந்து பாத்துட்டுத்தான் வெலை சொல்லுவாரு. மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஷட்டர் பாதி எறங்கியிருக்கும், தட்டாதீங்க. ஜிபே இருக்கு, ஆனா கேஷ் குடுத்தா சந்தோஷப்படுவாரு. செல்போன் ரிப்பேர் எடுக்கறதில்ல, லேப்டாப்பும் எடுக்கறதில்ல, அதுக்கு எதிர்ல ஒரு பையன் கடை வெச்சிருக்கான், அவரே கை காட்டி அனுப்பிடுவாரு.